துரையின் காடியும் சேமநிதிப் பணமும்



காடி வாங்குவது பற்றிக் கேட்டு வரும் கடிதங்களுக்குச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் பதில் எழுதலாம் என்றிருந்தேன். ஆனால் இந்த மாதம் வந்த ஒரு கடிதம், மற்றவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் சொல் என்கிறது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் 27 ஆண்டுகள் காடியோட்டியாக இருந்த பெரியவர் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. பெரிய துரையின் மெர்சிடிஸை விடியற்காலையில் கழுவித் துடைத்து, துரைசானியை ஈப்போ கடைகளுக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கொண்டுபோய் விட்டவர். அத்தனை ஆண்டுகளில் அந்தக் காடியின் பின் இருக்கையில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லையாம்.

இப்போது அவருக்கு 66 வயது. சேமநிதியிலிருந்து எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கும் பணத்தில் 40,000 வெள்ளி மிச்சம். மனைவிக்கு முதுகுத் தண்டில் வலி. மாதம் இரண்டு தடவை ஈப்போ பெரிய மருத்துவமனைக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. “அவளைப் பின்னால் உட்கார வைத்து நான் ஓட்டிப் போக வேண்டும் ஐயா, அது ஒன்றுதான் ஆசை” என்று எழுதியிருக்கிறார். பட்டணத்தில் ஒரு பழைய காடி வியாபாரி 2005-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் ஈ கிளாஸ் ஒன்றை 23,000 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறாராம். மகனோ பி.எம்.டபிள்யூ வாங்குங்கள் என்கிறான். அம்மாவுக்கு ஒரு மைவி போதுமாம்.

பெரியவரே, உங்கள் ஆசையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். அந்த ஈ கிளாஸ் புதிதாக வந்தபோது அதன் விலை இன்று கேட்கும் விலையைப் போலப் பல மடங்கு. இருபது ஆண்டுகளில் காடியின் விலை பாதாளத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் அதன் சாமான்களின் விலை இறங்கவில்லை. கியர் பெட்டியும் ஏர்கோன் பெட்டியும் இன்னும் அதே பெரிய காடியின் கியர் பெட்டியும் ஏர்கோன் பெட்டியுமாகத்தான் இருக்கின்றன. 23,000 வெள்ளிக்கு வாங்கியவர், பழுது பார்க்கும்போது பெரிய காடிக்காரராகவே பணம் எண்ண வேண்டியிருக்கும்.

முதலில் சொகுசைப் பற்றி. சொகுசு என்றதும் நம்மவர்கள் தோல் இருக்கையையும் மரப்பலகை ஒட்டிய முகப்பையும் நினைக்கிறார்கள். முதுகு வலிக்காரருக்கு அவை இரண்டும் எந்த வகையிலும் உதவா. முதுகுக்கு வேண்டியது நான்கு சங்கதிகள்: இருக்கை, வில்லும் அப்சார்பரும், டயரின் பக்கச் சுவர், ஏறி இறங்கும் உயரம். இவற்றில் டயரை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

டயரின் பக்கத்தில் 195/65 ஆர் 15 என்பதுபோல எழுதியிருக்கும். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்றால் பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு, அதாவது ஏறக்குறைய 127 மில்லிமீட்டர். பழைய மெர்சிடிஸ் டபிள்யூ124 காடிகளில் பலவும் இந்த அளவு டயரோடுதான் ஓடின. இப்போது பெரிய பளபளப்பான சக்கரம் போட்ட காடியைப் பாருங்கள். 245/40 என்றிருந்தால் பக்கச் சுவர் 98 மில்லிமீட்டர்தான். குழியில் இறங்கும்போது அந்தக் காற்று மெத்தை குறைந்த அளவுக்கு அடி முதுகில் ஏறுகிறது. செம்மண் தோட்டச் சாலையில் போய்ப் பார்த்தால் இது படிக்காதவருக்கும் புரியும். பி.எம்.டபிள்யூவின் புதிய தலைமுறைக் காடிகளில் காற்று இறங்கினாலும் ஓடக்கூடிய தடித்த சுவர் டயர்களைப் போட்டார்கள். பஞ்சர் ஆனாலும் வீடு வந்து சேரலாம் என்பது நல்லதுதான். ஆனால் அந்தத் தடித்த சுவர் வளைந்து கொடுக்காது. அதனால் சவாரி கரடுமுரடாகும். உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி ஒவ்வொரு காடியாகப் பார்ப்போம்.

நீங்கள் ஓட்டிய காடி 1980-களின் தொடக்கத்தில் வந்தது என்று எழுதியிருப்பதால் அது டபிள்யூ123 வகையாக இருக்க வேண்டும். 1976-இல் வந்து 1980-களின் நடுப்பகுதி வரை கட்டிய காடி அது. உலகம் முழுதும் 27 இலட்சத்துக்குக் கிட்டக் கட்டினார்கள். ஜெர்மனியில் அது டாக்ஸியாக ஓடிய காடி என்பது துரைமார்களுக்குத் தெரிந்திருந்தாலும் அதை யாரும் நம்மிடம் சொல்லவில்லை! அதற்கு அடுத்து 1984-இல் வந்த டபிள்யூ124-தான் என் கண்ணுக்கு மெர்சிடிஸ்களில் நிதானமானது. பின் சக்கரத்தை ஐந்து கம்பிகளால் தாங்கிப் பிடிக்கும் அமைப்பை அதில் வைத்தார்கள். பெரிய மேட்டிலும் உடம்பு குலுங்காமல் தாண்டும். இருக்கை கெட்டியாக இருக்கும். முதலில் கல் போலத் தோன்றும். இரண்டு மணி நேரம் கழித்து இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

ஆனால் டபிள்யூ124-லும் ஒரு கண்ணி உண்டு. சுமார் 1992 முதல் 1995 வரை கட்டியவற்றில் எஞ்சின் மின்கம்பிகளுக்கு மேல் போட்ட உறை, சீக்கிரம் மக்கிப் போகும் தன்மையுள்ளது. எஞ்சின் சூட்டில் அந்த உறை பொரிந்து உதிர்ந்து, கம்பி கம்பியோடு உரசும். காடி காரணம் இல்லாமல் திணறும், நின்றுபோகும். அந்தக் கம்பிக் கட்டை மாற்றியதற்குச் சீட்டு இருந்தால் நல்லது. இல்லையென்றால் மாற்றுவதற்கான செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஆறு சிலிண்டர் எஞ்சின் என்றால் தலைக்கும் உடம்புக்கும் இடையில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பின்பக்கம் குனிந்து பாருங்கள். அடுத்து 1995-இல் வந்த டபிள்யூ210 வகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துரு பிடிப்பதில் பெயர் வாங்கிய காடி அது. விட்டுவிடுவோம்.

இப்போது உங்களுக்குக் காட்டிய 2005-ஆம் ஆண்டுக் காடி. அது டபிள்யூ211, 2002-இல் வந்தது. சவாரி அருமை, சத்தம் குறைவு, பின்னால் கால் நீட்ட இடம் தாராளம். உங்கள் அம்மாவுக்கு, மன்னிக்கவும், பிள்ளைகளின் அம்மாவுக்கு, உட்கார இதைவிட நல்ல இருக்கை அந்த விலையில் கிடைப்பது அரிது. ஆனால் 2006-இல் முகம் மாற்றும்வரை அதில் ஒரு புதுவிதப் பிரேக்கை வைத்திருந்தார்கள். மிதியை மிதித்தால் கட்டளை மின்சாரத்தில் போகும். ஒரு பம்பு அழுத்தம் கொடுத்துப் பிரேக்கைப் பிடிக்கும். அந்தப் பெட்டி எத்தனை தடவை பிரேக் பிடித்தோம் என்று எண்ணிக்கொண்டே வரும்; ஒரு கணக்கைத் தாண்டினால் சிவப்பு எச்சரிக்கை காட்டி, என்னை மாற்று என்று கேட்கும். இந்தப் பிரேக் சம்பந்தமாக 2004-இலும் 2005-இலும் உலக அளவில் இலட்சக்கணக்கான காடிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரி பார்த்தது. பிறகு 2006-இல் அந்த முறையையே ஈ கிளாஸிலிருந்து எடுத்துவிட்டு, பழைய எண்ணெய்ப் பிரேக்குக்குத் திரும்பியது. ஆகவே உங்களுக்குக் காட்டிய காடி 2005 என்பதும் 2007 என்பதும் வெறும் இரண்டு வயது வித்தியாசம் அல்ல. அந்தப் பிரேக் பெட்டி மாற்றப்பட்டதா, எப்போது, எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். வியாபாரி சிரித்து மழுப்பினால் விஷயம் விளங்கிவிடும்.

டபிள்யூ211-இல் வேறு சிலவும் கவனிக்க வேண்டும். 1.8 லிட்டர் கொம்பிரசர் எஞ்சினில் டைமிங் சங்கிலியும் அதன் பல் சக்கரங்களும் தேய்வது உண்டு. காலையில் குளிர்ந்த எஞ்சினைத் தட்டியதும் சில விநாடி கடகடவென்று சத்தம் வந்தால் அதுதான். சிலவற்றில் இரும்பு வில்லுக்குப் பதில் காற்றுப் பைகள் இருக்கும். சொகுசுக்கு அதற்கு நிகரில்லை. பை கிழிந்தால் காடி ஒரு மூலையில் நொண்டி எருமை மாதிரி உட்கார்ந்துவிடும்.

மகன் சொல்லும் பி.எம்.டபிள்யூவுக்கு வருவோம். 1995 முதல் 2003 வரை வந்த ஈ39 என்ற 5 வரிசைக் காடியை ஓட்டியவர்கள் அதை மறக்க மாட்டார்கள். ஸ்டியரிங் கையோடு பேசும். ஆனால் அதன் குளிர்விக்கும் அமைப்பில் பிளாஸ்டிக் பாகங்கள் அதிகம். ரேடியேட்டர், அதற்குப் பக்கத்தில் உள்ள தண்ணீர்த் தொட்டி, பம்புக்குள் இருக்கும் விசிறி, எல்லாம் நம் ஊர் வெயிலில் வெந்து வெந்து நொறுங்கும். தண்ணீர் போய் எஞ்சின் கொதித்துவிட்டால் பிறகு பெரிய செலவுதான். இவற்றை மொத்தமாக முன்கூட்டியே மாற்றி வைத்திருக்கும் ஈ39 கிடைத்தால் அது நல்ல காடி. அடுத்து 2003-இல் வந்த ஈ60-இல் மின்னணுச் சங்கதிகள் ஏறிக்கொண்டன. 2010-க்குப் பின் வந்த எஃப்10 காடிகளில் பலவும் நம் நாட்டுக் கூலிமில் பொருத்தப்பட்டவை. அவற்றின் 2 லிட்டர் டர்போ எஞ்சினில் தொடக்க ஆண்டுகளில் டைமிங் சங்கிலியைத் தாங்கும் பிளாஸ்டிக் தடங்கள் உடைந்து தொல்லை கொடுத்தன. பி.எம்.டபிள்யூ ஓட்டுபவருக்கான காடி. உங்கள் விஷயத்தில் பயணிதான் முக்கியம்.

வோல்வோவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை. நம் நாட்டின் முதல் காடிப் பொருத்தும் தொழிற்சாலை வோல்வோவுக்காகத்தான் இன்றைய ஷா ஆலமில் 1967-இல் வந்தது. 1974 முதல் 1993 வரை கட்டிய 240 வகையின் இருக்கையை முதுகு வலிக்காரர்கள் இன்றும் புகழ்வார்கள். இடுப்புக்கு முட்டுக் கொடுக்கும் திருகு அதில் உண்டு. ஆனால் இன்று ஒரு 240-ஐ ஓடும் நிலையில் வைத்திருப்பது ஆர்வலர் வேலை. மருத்துவமனைத் தேதிக்கு நம்பிப் போகும் வேலை அல்ல.

ஜப்பான்காரன் இவர்கள் எல்லோரையும் ஒரே அடியில் திகைக்க வைத்தது 1989-இல். லெக்சஸ் எல்எஸ்400 வந்தபோது ஓடும் எஞ்சின் மூடிமேல் கண்ணாடிக் குவளைகளை அடுக்கிக் காட்டினார்கள். ஒரு துளி சிந்தவில்லை. ஜப்பானில் அது டொயோட்டா செல்சியோர். இன்றுவரை நம்பகத்தில் பெரிய காடிகளுக்குள் அதற்குத்தான் முதல் இடம் என்பேன். அதற்கும் பழுது வரும். பவர் ஸ்டியரிங் பம்பு கசிந்து கீழே இருக்கும் மின்னாக்கியின் மேல் சொட்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரை எஞ்சினின் நடுப் பள்ளத்தில் புதைத்து வைத்திருக்கிறார்கள்; அதை எடுக்கப் பாதி எஞ்சினைக் கழற்ற வேண்டும். ஆனாலும் நடு ரோட்டில் நிறுத்துவது அபூர்வம்.

பின் ஏன் எல்லோரும் அதை வாங்குவதில்லை? சாலை வரி! எல்எஸ்400 எஞ்சின் 3,969 சிசி. தீபகற்ப மலேசியாவில் தனியார் சலூன் காடிக்கு 3,000 சிசி வரை வரும்போதே வரி 2,130 வெள்ளி. அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4 வெள்ளி 50 காசு. கூட்டிப் பாருங்கள், ஆண்டுக்கு ஏறக்குறைய 6,500 வெள்ளி. அதே சமயம் 1,998 சிசி உள்ள ஒரு கேம்ரிக்கு 379 வெள்ளிதான். உங்களுக்குக் காட்டிய ஈ கிளாஸ் 1,796 சிசி கொம்பிரசர் என்றால் 278 வெள்ளி. அதே உடம்பில் 2,597 சிசி எஞ்சின் என்றால் 1,120 வெள்ளிக்கு மேல். ஒரே வண்ணம், ஒரே நட்சத்திரம், வரியில் நான்கு மடங்கு. கிராண்டைத் திறந்து சிசியைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே காடிக்கு 10 ஆண்டு உரிமைச் சான்றிதழ். அதற்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் மறுபடி பணம் கட்ட வேண்டும். 10 வயது தாண்டினால் சாலை வரியிலும் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்தாகக் கூடி, 50 வரை ஏறும். அங்கே பழைய சொகுசுக் காடி ஏழைக்கு வாய்த்த பொருள் அல்ல.

சாமான் செலவு மனிதர்களை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு வேடிக்கையும் உண்டு. 2008-இல் திரங்கானு மாநில அரசாங்கம் தன் புரோட்டோன் பெர்டானா வி6 காடிகளைப் பராமரிக்கச் செலவு அதிகமாகிறது, கியர் பெட்டி தொல்லை கொடுக்கிறது என்று சொல்லி, 14 மெர்சிடிஸ் ஈ200 கொம்பிரசர் காடிகளை வாங்கியது. நாடே கேள்வி கேட்டது. அரசாங்கத்துக்கு அந்தக் கணக்கு சரியாக வந்ததோ என்னவோ. புதுக் காடிக்கு உத்தரவாதம் உண்டு. அதே காடி இருபது வயதில் உங்கள் வாசலில் நிற்கும்போது உத்தரவாதம் உங்கள் சேமநிதிதான்.

கியர் பெட்டி பற்றிச் சொன்னதால் இதையும் கேளுங்கள். ஜெர்மன் காடிகளில் பலவற்றுக்கு ஆட்டோ கியர் எண்ணெய் ஆயுள் முழுதும் மாற்ற வேண்டியதில்லை என்று புத்தகத்தில் போட்டிருந்தார்கள். ஆனால் பி.எம்.டபிள்யூவுக்குப் பல கியர் பெட்டிகளைச் செய்து கொடுத்த இசட்எஃப் கம்பெனி, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுள் என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? எண்ணெய் மாற்றிய சீட்டு இல்லாத கியர் பெட்டியைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய காடிகளை மறந்துவிடாதீர்கள். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை வரை தண்ணீர் நின்றதைப் பார்த்தோம். அதற்குப் பிறகும் வெள்ளங்கள் வந்தன. சொகுசுக் காடிகளில் கம்பளத்துக்கு அடியிலும் இருக்கைக்கு அடியிலும் மின்னணுப் பெட்டிகள் இருக்கும். அவை ஒருதரம் நனைந்தால் பிறகு எது எப்போது போகும் என்று எந்த ஃபோர்மனாலும் சொல்ல முடியாது. பாதுகாப்பு வாரைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை நிற்கும். இருக்கையின் இரும்புத் தடத்தில் துரு, விளக்குக் கண்ணாடிக்குள் தண்ணீர்க் கோடு, உள்ளே வாசனைத் திரவியத்தின் நெடி தூக்கலாக இருப்பது, இவை மூன்றும் சேர்ந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் சோதனை அடித்தள எண், எஞ்சின் எண் போன்றவற்றைப் பார்க்கும். அது காடியின் ஆரோக்கியத்துக்கான சான்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. பழைய காடிக்கு வங்கி கடன் கொடுக்கத் தயங்கும், காப்புறுதிக்காரர்களும் 15 வயது தாண்டியவற்றுக்கு முழுக் காப்புறுதி தருவதற்கு யோசிப்பார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதை விசாரித்துவிடுங்கள்.

சரி பெரியவரே, உங்களுக்கு என் பதில். அந்த 2005-ஐ நான் வாங்கமாட்டேன். 2006 முகமாற்றத்துக்குப் பின் வந்த டபிள்யூ211, சிறிய எஞ்சின், பராமரிப்புப் புத்தகத்தோடு ஒருவரே வைத்திருந்த காடி கிடைத்தால் யோசிக்கலாம். அப்போதும் 40,000-த்தில் 15,000-ஐத் தொடாமல் பழுதுக்கென்று வேறாக வைத்துவிட வேண்டும். உங்கள் ஊரிலோ ஈப்போவிலோ மெர்சிடிஸ் தெரிந்த, கணினி வைத்துப் பார்க்கத் தெரிந்த பட்டறை இருக்க வேண்டும். கோலாலம்பூருக்கு இழுத்துப் போகும் காடி உங்களுக்கு ஆகாது.

பட்டறை இல்லையென்றால் 2 லிட்டர் கேம்ரியைப் பாருங்கள். நட்சத்திரம் இருக்காது, தெரியும். ஆனால் பின் இருக்கை அகலம், சவாரி மெத்து, சாமான் எல்லாப் பட்டணத்திலும் கிடைக்கும். 2.4 லிட்டர் எஞ்சினில் சில ஆண்டுக் காடிகள் எண்ணெய் குடிக்கும், அதனால் 2 லிட்டரையே தேடுங்கள். விலை இன்னும் குறைவாக வேண்டுமென்றால் பழைய நிசான் செஃபிரோ வி6-இல் ஏறிப் பாருங்கள். மெத்தை மாதிரி மிதக்கும். 2 லிட்டர்தான், வரியும் சுமை அல்ல. வயதாகிவிட்டதே என்பதுதான் குறை. மைவி நல்ல காடிதான், அம்மா சொன்னதில் தவறில்லை. ஆனால் உங்கள் சாலையில் மாதம் இரண்டு தடவை அந்த முதுகோடு பின்னால் உட்காருவது அவர்தானே?

எந்தக் காடியானாலும் பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். கதவைத் திறந்து ஏறச் சொல்லுங்கள், இறங்கச் சொல்லுங்கள். தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுந்திருப்பதுதான் முதுகுக்குப் பெரிய சோதனை. பிறகு நல்ல சாலையில் அல்ல, உங்கள் தோட்டச் சாலை மாதிரி ஒன்றில் அரை மணி ஓட்டுங்கள். வியாபாரியிடம் முதல் நாளே போன் செய்து, எஞ்சினைத் தட்டாமல் குளிராகவே வைத்திருக்கச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போது மூடி சுடச்சுட இருந்தால், ஏன் சூடாக்கினீர்கள் என்று கேளுங்கள். ஏர்கோனை 20 நிமிடம் முழு வேகத்தில் விடுங்கள். ஈ கிளாஸில் உள்ளே இருக்கும் குளிர்ப்பெட்டி கசிந்தால் முகப்புப் பலகை முழுவதையும் கழற்ற வேண்டும். சாமானைவிடக் கூலி அதிகம்.

27 ஆண்டுகள் ஒரு மெர்சிடிஸை வைத்துப் பார்த்தவருக்கு இதையெல்லாம் நான் சொல்லித் தருவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். கடிதத்தில் அந்தக் காடி வெள்ளை நிறம், 1,60,000 கிலோமீட்டர் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பிரேக் மிதியின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, பராமரிப்புப் புத்தகம் உண்டா, சிசி எவ்வளவு என்று பார்த்து எழுதுங்கள். முன்பணம் கொடுக்காமல் எழுதுங்கள்.